95 டிகிரி சரி, எத்தனை வாட்டில்? ஓவர்க்ளாக் செய்த கேமிங் பிசியின் சூட்டை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"பிராசஸர் 95 டிகிரி போகுது, பயப்படணுமா?" என்று கேட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் இழுத்துக்கொண்டு 95-இல் நின்றால் அதில் கோளாறு ஒன்றும் இல்லை, ஏஎம்டி அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. நல்ல டவர் கூலர் போட்ட ஒரு ரைசன் 5 7600 வெறும் 88 வாட்டுக்கு அதே 95-ஐத் தொட்டால் கூலர் பிராசஸர் மேல் சரியாக உட்காரவே இல்லை. டிகிரியை மட்டும் பார்த்துவிட்டு, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட்டை மாற்றி, கூலர் மாற்றி, கடைசியில் கேபினெட்டையும் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஒரே ஒரு எண்ணைக் குறைத்திருந்தாலே வேலை முடிந்திருக்கும்.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னாலும் ஐந்து எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பிராசஸரின் டிகிரி, அது இழுக்கும் வாட், எல்லா கோர்களின் கிளாக் (ஓடும் வேகம்), ஃபேன் மற்றும் பம்ப்பின் சுழற்சி வேகம், அப்புறம் அறையின் வெப்பநிலை. முதல் நான்கையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற மென்பொருளில் சென்சார் பக்கத்தை மட்டும் திறந்து பார்க்கலாம். ஐந்தாவதற்கு ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் போதும், அதைச் சுவரில் மாட்டாமல் கேபினெட் காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் வையுங்கள். பிறகு பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 டெஸ்டைப் பத்து நிமிடம் ஓட விட்டு, ஆரம்பித்த ஐந்தாவது நொடியில் ஒரு முறை, இரண்டாவது நிமிடத்தில் ஒரு முறை, பத்தாவது நிமிடத்தில் ஒரு முறை குறியுங்கள். இந்த மூன்று நேரங்கள் ஏன் முக்கியம் என்பது இன்னும் கொஞ்சம் கீழே புரியும்.

அறை வெப்பநிலையை நம் ஊரில் யாரும் எழுதுவதில்லை, ஆனால் நமக்குத்தான் அது ரொம்ப முக்கியம். நாம் பார்க்கும் கூலர் விமர்சனங்கள் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டிய அறையில் செய்தவை. சென்னையில் மே மாதம் ஏசி போடாத அறை 35-க்கு மேல் நிற்கும். காற்றால் குளிரும் எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிராக முடியாது என்பதால், அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசஸரும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். வெளிநாட்டு விமர்சகரிடம் 75 காட்டிய கூலர் உங்களிடம் 88 காட்டினால் கூலர் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள், இரண்டு பேரின் எண்ணிலும் அறை வெப்பநிலையைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

உங்கள் பிராசஸரின் எல்லை எது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரைசன் 7 5800எக்ஸுக்கு 90, 5600எக்ஸுக்கு 95, 7700எக்ஸ், 7950எக்ஸ் போன்றவற்றுக்கு 95, 7800எக்ஸ்3டிக்கு 89. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை கோர் டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு 100. எல்லையைத் தொட்டவுடன் பிராசஸர் எரிந்துவிடாது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ஓவர்க்ளாக் செய்து, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டிச் சம்பாதித்த வேகம் முதலில் அங்கேதான் காணாமல் போகிறது.

டெஸ்ட் ஆரம்பித்த இரண்டு மூன்று நொடியில் உச்சத்துக்குப் போய்விடுகிறது

இது கேபினெட் பிரச்சினையோ அறைப் பிரச்சினையோ இல்லை. இரண்டு நொடியில் கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று சூடாக நேரமே கிடையாது. சூடு சிலிக்கானிலிருந்து மேல் மூடிக்கும், அங்கிருந்து பேஸ்ட் வழியாகக் கூலரின் அடிப்பாகத்துக்கும் போகிற இடத்தில்தான் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி அடைப்பு இல்லையென்றால் நீங்கள் மிக அதிகமாக வோல்டேஜ் கொடுத்திருக்கிறீர்கள். எது என்று வாட் சொல்லிவிடும்.

வாட் அந்தப் பிராசஸருக்கு உரிய அளவில்தான் இருக்கிறது, ஆனால் டிகிரி உச்சத்தில் நிற்கிறது என்றால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். ரைசன் 5000 போன்றவை உட்காரும் ஏஎம்4 சாக்கெட் என்றால் கழற்றும் முன் பிசியைச் சில நிமிடம் ஓட விட்டு பேஸ்ட் இளகிய பிறகு அணைத்துவிட்டு, கூலரை மெதுவாக இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்துகொண்டு வரும், பின்கள் வளையும். கழற்றிய பிறகு கூலரின் அடியில் பாதுகாப்புக்காக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைச் சொன்னால் பலர் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் அனுபவசாலிகள் கட்டிய பிசியிலும் இதை நானே உரித்து எடுத்திருக்கிறேன். அடுத்து பேஸ்ட் பரவியிருக்கும் விதத்தைப் பாருங்கள். எல்லா இடமும் மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் அழுத்தம் சரி. ஒரு பக்கம் தடிமனாகவும் எதிர்ப்பக்கம் துடைத்த மாதிரியும் இருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று என்று மாறி மாறி முடுக்குவதற்குக் காரணம் இதுதான்.

பழைய கூலரை எல்ஜிஏ1700 போர்டுக்கு (இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறைக்கான சாக்கெட்) மாற்றியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எல்ஜிஏ1200-இல் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், 1700-இல் 78. அதோடு பிராசஸரின் மேல்மட்டமும் முன்பைவிடத் தாழ்வு. பழைய கிளிப்பை எப்படியோ இழுத்து மாட்டியிருந்தால் கூலர் தொட்டும் தொடாமலும்தான் இருக்கும், அந்தக் கூலர் நிறுவனத்தின் 1700 கிட்டை வாங்கி மாட்டுங்கள். இன்னொன்று, 1700 சாக்கெட்டின் உலோகப் பிடிப்பு பிராசஸரை நடுவில் மட்டும் அழுத்துவதால் நீளமான அந்தப் பிராசஸர் லேசாக வளைந்து நடுவில் குழிவிழும். கான்டாக்ட் ஃப்ரேம் என்று விற்கும் சட்டத்தை அந்தப் பிடிப்புக்குப் பதிலாகப் பொருத்தினால் அழுத்தம் ஓரங்களுக்குப் போகிறது, சில டிகிரி குறையும். அதை அளவுக்கு மீறி முடுக்கினால் மெமரி ஸ்லாட்டுகளில் ஒன்று வேலை செய்யாமல் போகலாம், அதனால் இயல்பான அழுத்தத்தோடு நிறுத்துங்கள்.

பேஸ்ட் விஷயத்தில் நான் சொல்வது இவ்வளவுதான்: ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 அல்லது எம்எக்ஸ்-6, நாக்சுவா என்டி-ஹெச்1 மாதிரி பெயர் தெரிந்த எதுவும் போதும், அவற்றுக்குள் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முழுக்கத் துடைத்துவிட்டுப் போடுங்கள். லிக்விட் மெட்டல் பக்கம் முதல்முறை ஓவர்க்ளாக் செய்பவர்கள் போகவே வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துத் தின்னும், ஒரு துளி சிந்தினால் போர்டு போய்விடும்.

லிக்விட் கூலர் வைத்திருப்பவர்களுக்கு இதே அறிகுறி பம்ப் நின்றுவிட்டதைக் குறிக்கலாம். பயாஸில் பம்ப் வேகம் பூஜ்யமா என்று பாருங்கள். வேகம் காட்டினாலும் தண்ணீர் ஓடுகிறது என்று உறுதியில்லை, ஆகவே லோடு கொடுத்துவிட்டு இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் ஓட்டம் இருக்கிறது; ஒன்று சுடுகிறது, மற்றொன்று சில்லென்று இருக்கிறது என்றால் ஓட்டம் இல்லை. பம்ப்பின் ஒயரைச் சாதாரணக் கேபினெட் ஃபேன் ஹெடரில் குத்தி, அது வோல்டேஜைக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பதாலும் பம்ப் தள்ளாடும். கூலரின் கையேடு வேறு மாதிரி சொல்லாத வரை, பம்ப் ஹெடரில் போட்டு எப்போதும் முழு வேகம் வையுங்கள்.

இரண்டு நொடியில் உச்சம், ஆனால் வாட்டும் மிக அதிகம்

கூலரைத் தொடாதீர்கள், பயாஸுக்குப் போங்கள். பிராசஸரின் மல்டிபிளையரை (கிளாக்கை முடிவு செய்யும் பெருக்கு எண்) ஏற்றிவிட்டு வோல்டேஜை ஆட்டோவில் விட்டிருக்கிறீர்களா? அப்படி விட்டால் பெரும்பாலான மதர்போர்டுகள் க்ராஷ் ஆகக்கூடாது என்பதற்காகத் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். பிராசஸர் இழுக்கும் மின்சாரம் கிளாக்குக்கு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5.0 கிகாஹெர்ட்ஸ் 1.25 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்ததை 5.2-க்கு ஏற்ற 1.35 வோல்ட் கொடுத்தால் வேகம் 4 சதவீதம் கூடுகிறது, சூடு 21 சதவீதம் கூடுகிறது. சிலிக்கான் சூடானால் கசியும் மின்சாரமும் கூடும் என்பதால் நிஜத்தில் இன்னும் அதிகமாகவே வரும். அந்த 4 சதவீதம் விளையாட்டில் கண்ணுக்கே தெரியாது.

லோடு-லைன் கேலிப்ரேஷனையும் பாருங்கள். லோடு வரும்போது வோல்டேஜ் இயல்பாகக் கொஞ்சம் இறங்கும், அதை இறங்க விடாமல் பிடிப்பது அந்த அமைப்பின் வேலை. அதை உச்சத்தில் வைத்தால் லோடில் வோல்டேஜ் இறங்காமல் நிற்கும், சூடு எகிறும். இதில் பலர் தடுக்கி விழும் இடம், போர்டுக்குப் போர்டு எண்கள் தலைகீழாக இருப்பது: ஆசுஸில் எண் பெரிதாகப் பெரிதாக அழுத்தம் கூடும், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் 1 என்பதுதான் உச்சம். யாரோ சொன்ன எண்ணை வேறொரு நிறுவனத்தின் போர்டில் அப்படியே போடாதீர்கள். நடுத்தரத்தில் வையுங்கள்.

இன்டெல் வைத்திருப்பவர்கள் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு வாட் எல்லைகளைத் தேடுங்கள். பல போர்டுகள் முன்பு வாங்கிய அன்றே அதை 4096 வாட் என்று வைத்து அனுப்பின, அதாவது எல்லையே இல்லை. 13900கே-யை அப்படி விட்டால் 300 வாட்டைத் தாண்டும், எந்த ஏர் கூலரும் அதைத் தாங்காது. இன்டெல் சொல்லும் எண்ணையே போடுங்கள்: 13900கே, 13700கே இரண்டுக்கும் 253, 13600கே-க்கு 181.

ரைசனில் இதே வேலையைச் செய்வது பிபிடி. என்னிடம் இருப்பது 5800எக்ஸ், அந்தப் பிராசஸர் சூட்டுக்குப் பேர் போனது. காரணம் எளிது: எட்டு கோரும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் உள்ள ஒரே சில்லில் இருக்கின்றன, அதற்கு 142 வாட் வரை அனுமதி. 5900எக்ஸுக்கும் அதே 142தான், ஆனால் அங்கே இரண்டு சில்லுகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் 5800எக்ஸில் என்ன கூலர் போட்டாலும் அந்தச் சின்ன இடத்திலிருந்து சூட்டை வெளியே எடுப்பது கஷ்டம். நான் எல்லா கோரையும் ஒரே வேகத்தில் பூட்டும் பழைய முறையை விட்டுவிட்டு, ஏஎம்டியின் ஓவர்க்ளாக் அமைப்பான பிபிஓ-வில் பிபிடியை 120-க்குக் குறைத்து, கோர்களின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் கழித்தல் எண் கொடுத்தேன். சினிபெஞ்ச் மதிப்பெண் கிட்டத்தட்ட அப்படியே நின்றது, சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது, ஒரு கோர் மட்டும் ஓடும்போது வரும் வேகம் பழைய ஓவர்க்ளாக்கைவிட அதிகமாகவே கிடைத்தது. இன்றைய பிராசஸர்களில் உண்மையான ஓவர்க்ளாக் வோல்டேஜைக் குறைப்பதில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இப்போதும் யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

முதலில் நன்றாக இருக்கிறது, பத்து இருபது நிமிடத்தில் மெதுவாக ஏறுகிறது

ஐந்தாவது நொடியில் 72, இரண்டாவது நிமிடத்தில் 80, பத்தாவது நிமிடத்தில் 90 என்று உங்கள் தாளில் இருந்தால் பேஸ்ட்டும் பொருத்தமும் நன்றாகவே இருக்கின்றன. கூலர் சூட்டை வாங்கிக்கொள்கிறது, அதை வெளியே தள்ள முடியவில்லை. லிக்விட் கூலரில் உள்ளே இருக்கும் திரவம் சூடேற நேரம் எடுக்கும் என்பதால் அரை மணி நேரம்கூட ஏறிக்கொண்டே போகும், ஆகவே அதைப் பத்து நிமிடத்தோடு நிறுத்தி முடிவு சொல்ல வேண்டாம்.

இங்கே ஒரு சோதனை போதும். பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே டெஸ்டை மறுபடி ஓட்டுங்கள். எட்டுப் பத்து டிகிரி இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் இல்லை. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால் கேபினெட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், கூலரின் அளவுக்கு மேல் வாட் போகிறது, அல்லது அறையே சூடு.

காற்றோட்டம் என்றால் அதிக ஃபேன் மாட்டுவது இல்லை, காற்று ஒரு வழியாக உள்ளே வந்து மற்றொரு வழியாக வெளியேறுவது. முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. ஃபேனில் தாங்கு சட்டமும் ஒயரும் இருக்கிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், ஒரு மெல்லிய காகிதத் துண்டை அருகில் பிடித்தாலே தெரிந்துவிடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அழகான கேபினெட்டில் எத்தனை ஃபேன் இருந்தாலும் அவை இழுக்கக் காற்று வேண்டுமே!

நம் வீடுகளில் இன்னொரு காரணம் உண்டு: கம்ப்யூட்டர் மேஜையில் சிபியு வைக்க என்றே ஒரு மரப் பெட்டி மாதிரி அறை இருக்கும், பின்பக்கம் பலகை அடைத்திருக்கும், கதவுகூட இருக்கும். அதற்குள் கேபினெட்டை வைத்தால் வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுத்துக் குடிக்கும். அதை வெளியே எடுத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இதைச் செய்த ஒரே காரணத்தால் புதிய கூலர் வாங்கும் செலவு மிச்சமானவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

அறைதான் காரணம் என்றால், எந்த வெயிலில் விளையாடுவீர்களோ அந்த வெயிலிலேயே ஓவர்க்ளாக்கை முடிவு செய்யுங்கள். மார்கழி இரவில் கஷ்டப்பட்டு நிலைநிறுத்திய அமைப்பு கத்திரி வெயிலில் நிற்காது. பயாஸில் இரண்டு ப்ரொஃபைல் சேமித்து வையுங்கள், கோடைக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று. ரைசனில் பிளாட்ஃபார்ம் தெர்மல் த்ராட்டில் லிமிட் என்ற இடத்தில் 85 என்று கொடுத்துவிட்டால் பிராசஸர் அதற்கு மேல் போகாமல் தானே வேகத்தைச் சரிசெய்துகொள்ளும், இது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு.

சும்மா இருக்கும்போதே 60

ரைசனில் சும்மா இருக்கும்போது 45, 50, திடீரென்று 60, மறுபடி 48 என்று குதிப்பது இயல்பு. ஒரு கோர் ஒரு கணம் விழித்து உச்ச வேகத்துக்குப் போய்த் திரும்புகிறது, அவ்வளவுதான். கோடையில் அறையே 36 இருக்கும்போது 50-ஐப் பார்த்துக் கவலைப்பட எதுவும் இல்லை.

60-இல் அசையாமல் நின்றால் வாட்டைப் பாருங்கள். 40, 50 வாட் இழுக்கிறது என்றால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது, டாஸ்க் மேனேஜரில் பிடிக்கலாம். விண்டோஸ் பவர் பிளான் உயர்செயல்திறனில் இருந்து, நீங்கள் வோல்டேஜையும் ஒரே எண்ணில் பூட்டியிருந்தால் பிராசஸர் ஓய்வெடுக்கவே முடியாது. வோல்டேஜை ஆஃப்செட் முறைக்கு (இயல்பு அளவிலிருந்து இவ்வளவு கூட்டு அல்லது குறை என்று சொல்வது) மாற்றுங்கள். 15, 20 வாட்டுக்கே 60 என்றால் மேலே முதல் அறிகுறிக்குப் போய்க் கூலரைக் கழற்றுங்கள். ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் மாதிரி முதல் தலைமுறை வைத்திருந்தால் சில மென்பொருள்கள் நிஜத்தைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டும், அது ஃபேன் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டி வைத்த கூட்டல்.

சினிபெஞ்சில் சரி, கேமில்தான் சூடு

விளையாட்டில் பிராசஸர் இழுப்பது சினிபெஞ்சைவிடக் குறைவு, 7800எக்ஸ்3டி எல்லாம் பல கேம்களில் 70 வாட்டைத் தாண்டுவதே அரிது. அப்படியும் சூடு என்றால் அது கிராஃபிக்ஸ் கார்டின் சூடு. ஆர்டிஎக்ஸ் 4080 ஒன்று 320 வாட்டை அதே பெட்டிக்குள்தான் கொட்டுகிறது, உங்கள் கூலர் அந்தக் காற்றை மூச்சு விடுகிறது. லிக்விட் கூலரின் ரேடியேட்டரை மேலே மாட்டியிருந்தால் கார்டின் சூடு பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வெளியேறும்.

முதலில் கார்டின் ஃப்ரேம் வேகத்தை மானிட்டரின் அளவுக்குக் கட்டுப்படுத்துங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 260 ஃப்ரேம் ஓட்டி என்ன பயன், பாதி வாட் வீண். அடுத்து கார்டையும் அண்டர்வோல்ட் செய்யுங்கள், அதாவது அதன் வோல்டேஜைக் குறைத்து ஓட்டுங்கள். கேபினெட் ஃபேன்களைப் பிராசஸர் டிகிரிக்கு மட்டும் கட்டாமல் கார்டின் டிகிரிக்கும் சேர்த்துக் கட்டுங்கள், ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். ரேடியேட்டரை முன்பக்கம் மாற்றினால் பிராசஸருக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும், கார்டு சில டிகிரி ஏறும். அப்படி மாட்டும்போது குழாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும், ரேடியேட்டரின் மேல் ஓரம் பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே உள்ள காற்றுக் குமிழி பம்ப்பில் போய் உட்கார்ந்து சலசலக்கும்.

ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி அதிகம்

எல்லா கோரும் முழு லோடில் இருக்கும்போது பார்த்தால்தான் இது செல்லும். விளையாடும்போது விண்டோஸ் நல்ல கோராகப் பார்த்து வேலை கொடுக்கும், அது சூடாவது சகஜம். முழு லோடிலும் வித்தியாசம் 15 என்றால் கூலர் சாய்ந்திருக்கிறது, பேஸ்ட்டை மறுபடி போட்டு ஸ்க்ரூவைச் சமமாக முடுக்குங்கள். ஏஎம்4, ரைசன் 7000 உட்காரும் ஏஎம்5 இரண்டிலும் கோர் சில்லுகள் மூடியின் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கின்றன. நாக்சுவா போன்றவர்கள் கூலரை 7 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தும் பட்டைகள் தருகிறார்கள், அதில் 1 முதல் 3 டிகிரி குறையும் என்று அவர்களே சொல்கிறார்கள். விலை குறைவு, செய்து பார்க்கலாம்.

சூடு குறைவாகத்தான் இருக்கிறது, வேகம் மட்டும் விழுகிறது

70 டிகிரியிலேயே கிளாக் இறங்குகிறது என்றால் பிராசஸரைத் தடுப்பது வேறு ஏதோ. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் இன்டெலுக்குச் செயல்திறன் தடைக் காரணங்கள் என்று ஒரு பகுதியே உண்டு, எந்த வரியில் 'ஆம்' வருகிறதோ அதுதான் பதில். பவர் லிமிட் என்றால் பிஎல்1-இல் இடிக்கிறது. ரைசனில் வாட் எல்லையான பிபிடி, மின்னோட்ட எல்லைகளான டிடிசி, ஈடிசி மூன்றின் சதவீதத்தைப் பாருங்கள், 100-ஐத் தொடுவது எதுவோ அது.

ஆனால் கிளாக் மெதுவாக இறங்காமல் 0.8 அல்லது 0.5 கிகாஹெர்ட்ஸுக்குத் தொப்பென்று விழுந்து சில நொடி கழித்து எழுந்தால் மதர்போர்டின் விஆர்எம் சூடாகிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். பிராசஸருக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் அந்தப் பகுதி தாங்க முடியாமல் போகும்போது வெளியிலிருந்து ஒரு சிக்னல் கொடுத்துப் பிராசஸரை நிறுத்திவைக்கும். ரைசனில் அது புரோக்ஹாட் ஈஎக்ஸ்டி என்ற வரியில் தெரியும். ஹீட்சிங்க் இல்லாத விலை குறைந்த போர்டில் பெரிய பிராசஸரைப் போட்டு ஓவர்க்ளாக் செய்தால் இதுதான் நடக்கும். பெட்டியில் வரும் சின்னக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதி விஆர்எம்மையும் கொஞ்சம் குளிர்விக்கும். லிக்விட் கூலருக்கு மாறியவுடன் அந்தக் காற்று நின்றுபோகிறது, பிராசஸர் 65-இல் ஜாலியாக இருக்கும்போது பக்கத்தில் விஆர்எம் 110-இல் தவிக்கும். ஒரு சின்ன ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்துச் சோதியுங்கள். குணமானால் காரணம் உறுதி, நிரந்தரத் தீர்வு வாட்டைக் குறைப்பதுதான்.

சூடு குறைவு, ஆனால் க்ராஷ் ஆகிறது

இங்கே கூலருக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஈவன்ட் வியூவரில் வீஆ-லாகர் என்ற பெயரில் 18-ஆம் எண் பிழை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு கோருக்கு வோல்டேஜ் பற்றவில்லை, அதிலேயே ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். 5800எக்ஸ் மாதிரி எட்டு கோர் ரைசனில் 0, 1 என்றால் முதல் கோர், 2, 3 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். அந்தக் கோரின் கர்வ் ஆப்டிமைசர் எண்ணை மட்டும் ஐந்து புள்ளி மேலே கொண்டு வாருங்கள். எல்லாக் கோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழித்தல் 30 கொடுத்தால் சினிபெஞ்ச் அருமையாக ஓடும், யூடியூப் பார்க்கும்போது பிசி ரீஸ்டார்ட் ஆகும். ஏனென்றால் லேசான வேலையில்தான் ஒற்றைக் கோர் உச்ச கிளாக்குக்குப் போகிறது. கோர்சைக்கிளர் என்ற கருவி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும், ஒரு ராத்திரி ஓட விடுங்கள்.

மெமரியையும் ஓவர்க்ளாக் செய்திருந்தால் முதலில் அதை இயல்பு வேகத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஏஎம்5 போர்டில் மெமரி ப்ரொஃபைலை ஆன் செய்யும்போது எஸ்ஓசி (பிராசஸருக்குள் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி) வோல்டேஜும் ஏறும். 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகியதற்குப் பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று எல்லை வைத்தது, ஆகவே அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ9, ஐ7 வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வந்தால் உடனே கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிக்கத் தோன்றும், ஆனால் பலருக்கு அது பிராசஸரின் கோளாறாக இருந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு அந்தச் சில்லுகள் காலப்போக்கில் பலவீனமாவதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் வோல்டேஜை 1.55-க்கு மேல் போகவிடாத மைக்ரோகோடும் (பயாஸ் வழியாகப் பிராசஸருக்குப் போகும் திருத்தம்) செப்டம்பரில் இன்னொன்றும் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. புதிய பயாஸ் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே ஆனதைத் திருப்பாது. பயாஸைப் புதுப்பித்து, எல்லா அமைப்பையும் இன்டெல் இயல்புக்குக் கொண்டுவந்த பிறகும் க்ராஷ் தொடர்ந்தால் வோல்டேஜைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஃபேன் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது

பிராசஸர் ஒரு நொடி 70-ஐத் தொட்டுத் திரும்புவதற்கெல்லாம் ஃபேன் ஓடத் தேவையில்லை. பயாஸில் ஃபேன் ஏறும் தாமதத்தை நான்கைந்து நொடி என்று வையுங்கள், 60 டிகிரி வரை கோட்டைத் தட்டையாக விடுங்கள், 80-இல் முழு வேகம். இவ்வளவுதான்.

திடீரென்று அணைந்துவிடுகிறது

அடுத்த முறை ஆன் செய்யும்போது பயாஸ் திரையில் பிராசஸர் அதிகச் சூடு என்று செய்தி வந்தால் பம்ப்போ ஃபேனோ நின்றிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மறுபடி ஆன் செய்ய வேண்டாம். அப்படிச் செய்தி இல்லை, கடைசியாகப் பார்த்த டிகிரி 75, கேமில் கார்டு உச்சத்துக்குப் போகும் கணத்தில்தான் அணைகிறது என்றால் பவர் சப்ளையைப் பாருங்கள். ஓவர்க்ளாக் முழுவதையும் எடுத்துவிட்டு, கார்டின் பவர் லிமிட்டையும் 70 சதவீதமாக்கி விளையாடிப் பாருங்கள். அணையவில்லை என்றால் பவர் சப்ளை அந்தக் கணநேர இழுப்பைத் தாங்கவில்லை. யுபிஎஸ் வழியாக ஓட்டுகிறவர்கள் அதன் வாட் அளவையும் ஒரு முறை பாருங்கள்.

ஒரு வருடம் நன்றாக இருந்தது, இப்போது பத்து டிகிரி அதிகம்

பழைய தாளை எடுங்கள். வாட்டும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் பயாஸ் புதுப்பித்தபோது உங்கள் பிபிடி, வோல்டேஜ் அமைப்புகள் எல்லாம் இயல்புக்குப் போய்விட்டன, மறுபடி போடுங்கள். வாட் அதே, அறையும் அதே என்றால் அடுத்தது தூசி. ஃபில்டரையும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவேயும் பாருங்கள். சமையலறை பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் புகை ஏறித் தூசி பிசுக்காக ஒட்டியிருக்கும், வெறும் காற்றில் போகாது, தகடுகளைப் பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். ப்ளோவரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழல விட்டால் பேரிங் கெடும்.

தூசியும் இல்லையென்றால் பேஸ்ட். சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து நடுவிலிருந்து அது ஓரத்துக்குப் பிதுங்கியிருக்கும், ஓவர்க்ளாக் செய்த பிசியில் சீக்கிரமே நடக்கும். பேஸ்ட் மாற்றியும் குறையவில்லை, கூலர் நாலைந்து வருடப் பழைய லிக்விட் கூலர் என்றால் உள்ளே இருந்த திரவம் குழாய்ச் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறைந்திருக்கும். பம்ப் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள், கேபினெட்டை லேசாகச் சாய்த்தால் கொளகொளவென்று சத்தம் வரும். பெரும்பாலானவற்றில் மறுபடி நிரப்ப வழியில்லை. வாரண்டி பாக்கி இருக்கிறதா என்று பில்லைத் தேடுங்கள், இல்லையென்றால் இரண்டு ஃபேன் உள்ள ஒரு நல்ல டவர் கூலரை வாங்கி மாட்டி, அதே அறை வெப்பநிலையில் அதே பத்து நிமிட டெஸ்டை ஓட்டி, புதிய எண்களைப் பழைய தாளிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள்.